நாயாற்றுக்குப் போவதெனில்

அம்பகாமத்தில் ஐம்பது நிமிடம் மண் கிளறினால்
பத்து நிமிடம் ஓய்வு.
அந்தப் பத்துக்குள் முகக்கவசம் கழற்றி
வியர்வை துடைத்து, பிளேன்ரீயும் குடித்து
ஸ்பானியமும் படித்தோம்.

மார்செலா என்றொருத்தி கொலம்பியாவிலிருந்து
மூன்று கிழமைப் பயிற்சிக்கு வந்தவள்.
அவளுடைய ஊரிலும் மண்ணுக்குள் இதேதான் கிடக்கிறதாம்.
போகும்போது ஒரு பாடப்புத்தகத்தை விட்டுப்போனாள்.
அறுபத்திரண்டாம் பக்கம்:
கூட்டாகப் போடும், நடக்குமோ தெரியாத திட்டங்கள்.
வணக்கம், நலமா, விலை என்ன எல்லாவற்றையும் தாண்டி
நேரே அந்தப் பக்கத்தைத்தான் திறந்தோம்.

'இ ஸி ஃபுயெராமோஸ் அ லா பிளாயா?'
கடற்கரைக்குப் போனால் என்ன?
கடற்கரை என்றால் எங்களுக்கு நாயாறு.
நாள் என்றால் சனிக்கிழமை.
வான், ஜெனிற்றாவின் மச்சானுடையது.
குகநந்தினி சோறு கொண்டுவருவாள்.
இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது:
யெவரியா.
சொல்லின் வாலில் 'ரியா' வந்தால்
கையில் இன்னும் சட்டி இல்லை என்று அர்த்தம்.
நான் நண்டு வாங்குவேன், அதுவும் ரியாதான்,
இருபத்தைந்துக்கு முன்னம் சம்பளம் விழுந்தால்.
மழை பெய்தால், யோவியெரா, என்று வாசித்தபோது
நாலு பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம்.
வானம் வெளுத்துப்போய்க் கிடந்தது.

நாங்கள் என்ற சொல்லுக்கு அங்கே பெண்பால் உண்டு.
நொசோத்ராஸ்.
பவளராணி அதை ஆறேழு தரம் சொன்னாள்,
புதுச் செருப்புப் போட்டு நடந்து பார்ப்பதுபோல.
தமிழில் நாங்கள் ஆர் என்று
குரலைக் கேட்டால்தான் தெரியும்.

அம்புலன்ஸ் நிழலிலிருந்து நகுலேஸ் கேட்டான்:
'வானிலை ஒரு சீற் மிச்சமெண்டால் நானும் வரலாமோ?'
அடிக்குறிப்பைப் பார்த்தோம்.
கூட்டத்துக்குள் ஒரே ஒரு ஆண் வந்தாலும்
முழுக் கூட்டமும் நொசோத்ரோஸ்.
பவளராணி புத்தகத்தை மூடினாள்.
'அப்ப அவர் சைக்கிளிலை வரட்டும்.'

பின்னேர ஓய்வில் குகநந்தினிதான் கண்டாள்,
அதே சொல் இன்னொரு அட்டவணையிலும் இருப்பதை.
நாங்கள் போனால் என்றாலும் ஃபுயெராமோஸ்.
நாங்கள் இன்னாராய் இருந்தால் என்றாலும்
ஃபுயெராமோஸ்.
'அச்சுப்பிழை' என்றாள் ஜெனிற்றா.
அச்சுப்பிழை இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தோம்.
'போனது ஆர், இருந்தது ஆர் எண்டு
எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறம்,
இவையள் என்னெண்டு ரெண்டையும்
ஒரு சொல்லுக்குள்ளை வைச்சவை?'
ஒருவரும் பேசவில்லை.
தேநீர்க் கோப்பைக்குள் ஒரு எறும்பு.
விசில் ஊதியது.

பாதைகளுக்கிடையே இருபத்தைந்து மீற்றர்.
அங்கே கதைக்க முடியாது, கத்தத்தான் முடியும்,
கத்துவதென்றால் அது வேறு விஷயத்துக்கு.
கருவி கிணுங்கியது.
மண்டியிட்டேன்.
இந்த வேலையில் 'ஆல்' விகுதி
விரல் நுனிக்கு ஒரு சென்ரிமீற்றர் தள்ளி இருக்கும்.
பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டே
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்:
யெவரியா, யெவரியாஸ், யெவரியா, யெவரியாமோஸ்.
வந்தது மீன்ரின் மூடி.
சிவப்பு வாளியில் போட்டேன்;
அன்றைக்கு அது பதினொன்றாவது.

லொறியில் ஏறும்போது பொறுப்பாளர் கேட்டார்:
'சனிக்கிழமை மேலதிக வேலை இருக்கு,
ஒண்டரை மடங்கு சம்பளம். ஆர் வாறியள்?'
நண்டு, சோறு, வான் கூலி மூன்றும்
எங்கள் முகங்களுக்குக் குறுக்கே ஓடிப்போயின.
பவளராணி பூட்ஸ் மண்ணைத் தட்டிக்கொண்டே
'போவம்' என்றாள்.
எங்கே என்று சொல்லவில்லை.
அவர் நாலு பெயரையும் எழுதினார்.

நகுலேஸ் மட்டும் மெல்லக் கேட்டான்,
'சைக்கிளுக்குக் காத்தடிக்கவோ, வேண்டாமோ?'